மணல்வாளி அண்ணனும் ஒரு காலி டிரம்மும்

தீயைக் கண்டு பயந்த மனிதர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தீயே கண்டு பயந்த மனிதர் அன்றைய சென்னை ராஜதானி முழுவதிலும் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் மணல்வாளி அண்ணன். அவர் தெருமுனையில் திரும்பினாலே டீக்கடை அடுப்பு தானாகத் தணிந்துவிடும் என்று கம்பத்தில் சொல்வார்கள். முதலில் சொன்னவன் நான்தான். பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கியிருந்த சமயம். நான் கம்பத்தில் ஒரு பஸ் கம்பெனியில் டிக்கெட் குமாஸ்தா. தேனிக்கும் கம்பத்துக்கும் நடுவே எங்கள் பஸ்கள் ஓடிக்கொண்டிருந்தன. மலைமேல் குமுளிக்கும் ஒன்று போய்வந்தது. ஒரு நாள் காலையில் ஒல்லியாக, நெட்டையாக ஒருவர் வந்து நின்றார். இரண்டு கையிலும் சிவப்புச் சாயம் அடித்த இரண்டு வாளிகள். ஒன்றில் மணல். இன்னொன்றிலும் மணல்தான், அதன்மேல் இரண்டு வேட்டியும் ஒரு சட்டையும் மடித்து வைத்திருந்தார். வேறு மூட்டை முடிச்சு எதுவும் கிடையாது. எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டேன். மெட்ராஸ் என்றார். முல்லையாறு முழுக்க மணல் கிடக்கும்போது மெட்ராஸிலிருந்தா மணலைத் தூக்கி வந்தீர்கள் என்று கேட்டேன். ஆற்று மணலில் கல்லும் கிளிஞ்சலும் கிடக்கும், தீயின் மேல் போட்டால் தெறிக்கும், இது சலித்த மணல் என்று விளக்கினார். அந்த நிமிஷமே அவர் பெயர் முடிவாகிவிட்டது. அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும்தான். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

பிறந்தது எங்கள் பக்கத்தில்தான். இளம் வயதிலேயே மெட்ராஸுக்கு ஓடிப்போய், ஊருக்கு வெளியே ஏரோப்ளேன் வந்து இறங்கும் மைதானத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். தபாலையும் பணக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு வரும் ஏரோப்ளேன்களுக்குப் பெட்ரோல் ஊற்றுவது அவர் உத்தியோகம். ஊற்றுவது என்றால் நம் ஊரில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவதைப் போல அல்ல. முதலில் உள்ளே இருக்கும் அத்தனை பேரையும் இறக்கித் தூரத்தில் நிறுத்த வேண்டும். பிறகு ஏரோப்ளேனையும் டின்னையும் ஒரு கம்பியால் இணைத்து, அந்தக் கம்பியைப் பூமியில் ஊன்ற வேண்டும். பெட்ரோல் விழுகிற வேகத்திலேயே மின்சாரம் பிறந்து பொறி பறக்குமாம். கம்பி இருந்தால் அது மண்ணுக்குள் இறங்கிவிடுமாம். அதற்கப்புறம்தான் மெல்லிய தோலில் வடிகட்டி, சொட்டுக் கீழே சிந்தாமல் ஊற்ற வேண்டும். இதையெல்லாம் அவர் சொல்லும்போது கோயிலில் அபிஷேகம் பார்ப்பவர்போல் கண் பாதி மூடியிருக்கும்.

ஏரோப்ளேனில் ஏறியிருக்கிறீர்களா என்று நான் கேட்டதற்கு அவர் கொஞ்சம் கோபித்துக்கொண்டார்.

"நான் எதுக்குத் தம்பி ஏறணும்? ஏறுனவுக நல்லபடியா எறங்கணும்னுதானே நான் கீழ நின்னேன்."

யுத்தம் வந்ததும் பட்டாளம் அந்த மைதானத்தை எடுத்துக்கொண்டு இவரைப் போன்றவர்களை ஊருக்கு அனுப்பிவிட்டது. எங்கள் முதலாளிக்கு வாய் நிறையச் சந்தோஷம். ஏரோப்ளேனுக்கே ஊற்றின கை நம் பஸ்ஸுக்கு ஊற்றப் போகிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, மணல்வாளி அண்ணனைப் பெட்ரோல் கிடங்குக்குப் பொறுப்பாகப் போட்டார். அந்தச் சந்தோஷம் மாலைவரை இருந்தது. மாலையில் முதலாளி வழக்கம்போல் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு கிடங்குப் பக்கம் உலாத்தப் போனார். திரும்பி வரும்போது அவர் கையில் சுருட்டு இல்லை. மீசையில் கொஞ்சம் மணல் இருந்தது.

மறுநாளே கல்லெறிச் சட்டம் அமலுக்கு வந்தது. கிடங்கு வாசலில் நின்று மணல்வாளி அண்ணன் ஒரு கல்லை எடுத்து எறிவார். அது எங்கே விழுகிறதோ அதற்கு அப்பால்தான் பீடி, சுருட்டு, சமையல், சாம்பிராணி எல்லாம். நாள் ஆக ஆகக் கை பழகிவிட்டதால் கல் மேலும் மேலும் தூரம் போக ஆரம்பித்தது. எதிர்ச்சாரியில் இருந்த டீக்கடைக்காரர் தினமும் காலையில் வெளியே வந்து நின்று, இன்று கடை திறக்கலாமா கூடாதா என்று கல் விழுவதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. எனக்குப் பீடிப் பழக்கம் உண்டு. ஒரு பீடி குடித்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் பஸ் போய்விடும்.

பெட்ரோல் போடும்போது பஸ்ஸில் இருக்கிற சனம் எல்லாம் இறங்கி நிற்க வேண்டும். இறங்குகிறவர்களில் கோழிக்கூடை வைத்திருக்கிற கிழவியும் உண்டு, புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் உண்டு. யாருக்கும் விலக்கு இல்லை. பஸ்ஸின் அடியில் ஓர் இரும்புச் சங்கிலியைத் தரையில் உரசும்படி கட்டித் தொங்கவிட்டார். அது கணகணவென்று போகும் சத்தத்தை வைத்து, கொலுசு போட்ட பஸ் என்று எங்கள் வண்டிக்குச் சின்னமனூரில் பெயர் வைத்தார்கள்.

முதல் நடைக்கு முன்னால் பஸ்ஸின் முகத்துக்குச் சூடம் காட்டுவது எங்கள் முதலாளியின் வழக்கம். அதை அண்ணன் விடுவாரா? முதலாளியும் விடுவாரா? ஒரு வாரம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் ஏற்பட்ட சமாதானப்படி, சூடத்தைக் கல்லெறி தூரத்துக்கு அப்பால் ஏற்றுவது, பஸ்ஸை அந்தப் பக்கம் திருப்பி நிறுத்தி அதைப் பார்க்க வைப்பது என்று முடிவாயிற்று. பூசாரி அங்கிருந்து தட்டைச் சுற்றுவார். முதலாளி இங்கிருந்து கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

பிறகு பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பஸ்ஸின் பின்னால் ஒரு பெரிய இரும்பு உலையைப் பொருத்தி, அதில் அடுப்புக் கரியை எரித்து, அந்த வாயுவில் என்ஜினை ஓட்டச் சொன்னார்கள். வண்டி கிளம்பவும் மேடு ஏறவும் மட்டும் கொஞ்சம் பெட்ரோல். முதல் கரி பஸ் வந்து நின்ற அன்று மணல்வாளி அண்ணன் அதைச் சுற்றி வந்து பார்த்தார். பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். முன்னால் பெட்ரோல், பின்னால் அடுப்பு, நடுவில் சனம், இதை யோசித்தவனுக்குப் பிள்ளை குட்டி கிடையாதா என்று கேட்டார். அன்றிலிருந்து மலை ஏறும் பஸ்ஸின் பின்பக்க ஏணியில் ஒரு கையால் தொற்றிக்கொண்டு, மறு கையில் மணல்வாளியோடு குமுளிவரை போய்வந்தார். திரும்பும்போது கரி படிந்து கண்ணும் பல்லும்தான் தெரியும். இறங்கினதும் முதலில் வாளியில் மணல் சிந்தியிருக்கிறதா என்று பார்ப்பார். முகம் கழுவுவதெல்லாம் அப்புறம்.

இவ்வளவையும் ஊர் பொறுத்துக்கொண்டது. பொறுக்க முடியாமல் போனது அவருடைய பிரசங்கத்தைத்தான். பஸ் கிளம்பும் நேரத்தில் படியில் ஏறி நின்றுகொண்டு, கணீரென்ற குரலில் ஆரம்பிப்பார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. வண்டி தீப்பிடிச்சா யாரும் வாசப்பக்கம் முண்டக் கூடாது. இந்தச் சன்னல் கம்பியை இப்படித் தூக்குனா கழண்டு வந்துரும். முதல்ல பிள்ளைகளை வெளிய குடுத்துட்டு, பெறகு பெரியவுக குதிக்கணும்."

நம் ஊரில் வெளியே கிளம்புகிறவனிடம் எங்கே போகிறாய் என்றுகூடக் கேட்கக் கூடாது. இவர் என்னடாவென்றால் கிளம்பும் பஸ்ஸைப் பார்த்து எரிந்தால் என்ன செய்வது என்று பாடம் நடத்துகிறார். மகளின் வளைகாப்புக்குப் போகிற அம்மாள் ஒருத்தி, நல்ல வாக்கே வராத வாயா இது என்று மண்ணை வாரித் தூற்றாத குறையாக இறங்கி, பக்கத்துக் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். அவள் பின்னாலேயே பாதிப் பஸ் காலியாயிற்று. முதலாளி கையெடுத்துக் கும்பிட்டுப் பார்த்தார். கேட்டவர்கள் கோபித்துக்கொள்ளலாம், ஆனால் கேட்டது காதில் இருக்கும் என்பது அண்ணனின் பதில்.

இப்படிப்பட்ட வாய்க்கு யார் பெண் கொடுப்பார்கள்? அண்ணனுக்கு நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. உத்தமபாளையத்தில் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனோம். மாப்பிள்ளை வீட்டார் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு என்னைத் தவிர ஆள் இல்லை. நானும் பஜ்ஜிக்காகத்தான் போனேன். பஜ்ஜி வந்தது, பெண்ணும் வந்தது. அண்ணன் பெண்ணைப் பார்க்கவில்லை. பஜ்ஜி எந்த அடுப்பில் வெந்தது என்று எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, மேலே காய்ந்த கூரை, கீழே அடுப்பு, பக்கத்தில் சுள்ளிக்கட்டு, இந்த வீடு இந்தக் கோடையைத் தாண்டாது என்று கூடத்தில் வைத்துச் சொன்னார். நாங்கள் வெளியே வந்த வேகத்தில் என் பஜ்ஜி பாதி அங்கேயே நின்றுவிட்டது. அன்று திரும்பி வரும் வழியில் அவர் வாய்க்கால் பாலத்தில் உட்கார்ந்து வெகுநேரம் தண்ணீரைப் பார்த்தார். வீடு பற்றி எரிந்தால் அந்தப் பிள்ளைதானே அடுப்படியில் இருப்பாள், அதைத்தானே சொன்னேன் என்று ஒரு முறை மட்டும் சொன்னார். அவருக்கும் ஒரு வீடு வேண்டும், ராத்திரி போனால் கதவைத் திறக்க ஓர் ஆள் வேண்டும் என்ற ஆசை அவ்வளவு இருந்தது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அடுத்த சித்திரையில் வீரபாண்டித் திருவிழா வந்தது. கூட்டத்துக்காக, கரி உலை இல்லாமல் பெட்ரோலிலேயே ஓடும் எங்கள் பஸ் ஒன்றை விட்டிருந்தார்கள். நான் அன்று கண்டக்டர் வேலையும் பார்த்தேன். அண்ணனும் வாளியோடு கூட வந்தார். சின்னமனூரில் பஸ் நின்றபோது மஞ்சள் புடவையும் வேப்பிலையுமாக ஒரு கூட்டம் வந்தது. அதில் ஒருத்தியின் கையில் தீச்சட்டி. மார்க்கையன்கோட்டையில் வயல் வைத்திருக்கும் சம்சாரி ஒருவரின் மகள், பெயர் அங்கம்மா. அப்பாவுக்கு உடம்பு தேறினால் சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டு, ஊரிலிருந்து அதுவரை நடந்து வந்தவள். கூட வந்தவர்கள்தான் பஸ்ஸில் ஏறச் சொன்னார்கள்.

மணல்வாளி அண்ணன் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். சாமி ஏறலாம், சட்டி ஏறக் கூடாது என்றார். கூட்டம் கொதித்தது. ஒரு அம்மாளுக்கு அருள் வந்து, உன் குலத்தை என்ன செய்கிறேன் பார் என்று ஆடத் தொடங்கினாள். அண்ணன் வாளியை மார்போடு அணைத்துக்கொண்டாரே ஒழிய, படியைவிட்டு நகரவில்லை.

அங்கம்மா மட்டும் கத்தவில்லை. "ஏன்?" என்று கேட்டாள்.

இத்தனை வருஷத்தில் அவரிடம் அந்தக் கேள்வியை நிஜமாகவே கேட்டவர்கள் யாரும் கிடையாது. நான் உள்பட எல்லோரும், ஏன் இப்படிப் படுத்துகிறீர்கள் என்றுதான் கேட்டிருக்கிறோம். அண்ணன் தடுமாறிப் போனார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"ஆத்தா, பெட்ரோலு எரியறதில்ல. அதுல இருந்து கெளம்புற ஆவிதான் எரியும். கண்ணுக்குத் தெரியாது. மேல போகாது. தரையோட தரையா ஊர்ந்து, எங்கன நெருப்பு இருக்குன்னு தேடிப் போகும்."

அங்கம்மா தன் காலடியைப் பார்த்தாள். கையிலிருந்த சட்டியைப் பார்த்தாள். நேர்ந்துகொண்ட நெருப்பை அணைக்க முடியாது, நான் நடந்தே போகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். அண்ணன் அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பஸ்ஸிலிருந்து குதித்து இறங்கி, வாளியோடு அவள் பின்னால் ஓடினார். பஸ் அவர்களைத் தாண்டிப் போகும்போது பின் சன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் கையில் தீச்சட்டி, அவர் கையில் மணல்வாளி. அந்த வெயிலில் வீரபாண்டிவரை இரண்டு பேரும் அப்படியே நடந்திருக்கிறார்கள். அவர் பேசிக்கொண்டே போனாராம், அவள் கேட்டுக்கொண்டே போனாளாம். நிறைந்த டின்னைவிடக் காலி டின்தான் பயங்கரம், நிறைந்ததில் ஆவிக்கு இடமில்லை, காலியானதில் அடைத்துக்கொண்டு நிற்கும் என்பதெல்லாம் அவளுக்கு அன்றே பாடமாகிவிட்டது.

கல்யாணம் பண்ணினால் இவரைத்தான் என்று அங்கம்மா வீட்டில் சொல்லிவிட்டாள். அவளுடைய அப்பா பல்லி சொன்னால் படி இறங்காதவர், கிளம்பும் நேரத்தில் எண்ணெய் என்ற சொல்லை யாராவது சொன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விடுகிறவர். அப்படிப்பட்டவர் பஸ் கம்பெனிக்கு வந்து, மாப்பிள்ளையின் பிரசங்கத்தைத் தன் காதாலேயே கேட்டார். கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். மகளும் பிடிவாதம் விடவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு வந்தார்.

"தாலி ஏறுற வரைக்கும் தீ, நெருப்பு, எரியும், வெடிக்கும்னு ஒரு வார்த்தை உங்க வாயில வரக் கூடாது. வந்துச்சுன்னா, மேளம் கொட்டிக்கிட்டு இருந்தாலும் எம்மகளை எழுப்பிக் கூட்டிட்டுப் போயிருவேன். சத்தியம் பண்ணிக் குடுங்க."

சத்தியம் என்றால் எங்கள் பக்கம் சூடத்தைக் கொளுத்தி, அதைக் கையால் அடித்து அணைக்க வேண்டும். அண்ணன் சூடத்தைக் கல்லெறி தூரத்துக்கு எடுத்துப் போய் வைத்து, ஒரே அடியில் அணைத்தார். அதற்குமேல் ஒரு பிடி மணலும் போட்டார். இவ்வளவு கச்சிதமாக யாரும் சத்தியம் செய்து அவர் மாமனார் பார்த்ததில்லை.

யுத்தம் முடிந்து அடுத்த ஆவணியில் கல்யாணம். மார்க்கையன்கோட்டையில் பெண் வீட்டு வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல். கீற்றுத் தட்டிக்கு அந்தப் பக்கம், தரையில் நீளமாகப் பள்ளம் வெட்டிய கோட்டடுப்பு. மாப்பிள்ளைத் தோழனாக நான் அவர் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கம்பெனி பஸ்ஸிலேயே வந்திருந்தோம். முதலாளியே வேண்டாம் என்றதால், பஸ்ஸின் சங்கிலியைக்கூட அன்று கழற்றவில்லை. மணல்வாளியை மட்டும் பந்தல்காலுக்கு வெளியே வைக்கச் சொல்லிவிட்டார்கள்.

மணையில் உட்கார்ந்த நிமிஷத்திலிருந்து அவர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. கீற்றுக்குக் கீழே உட்கார்ந்து பெரியவர்கள் பீடி குடிக்கிறார்கள். யாரோ ஒருவர் எரிந்த குச்சியைப் பந்தல் மேலேயே செருகி வைக்கிறார். எதிரே ஓமம் வளர்கிறது. காற்று அடிக்கிற திசை வேறு சரியில்லை. ஒவ்வொன்றுக்கும் அவர் வாய் திறக்கும். எதிரே நிற்கும் மாமனார் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். வாய் மூடிக்கொள்ளும். கண்ணை மூடிக்கொள்ளுங்கள் அண்ணே என்று காதில் சொன்னேன். மூடிக்கொண்டார். மூக்கை என்ன செய்வது?

அப்போதுதான் தாய்மாமன் வந்தார். அங்கம்மாவின் அம்மாவுடைய தம்பி. மகா உற்சாகமான மனிதர். பட்டாளம் போனபின் வேண்டாத சாமான்களை மதுரையில் ஏலம் போட்டார்கள். அங்கே போய் ஒரு பெரிய இரும்பு டிரம்மை எடுத்து வந்திருந்தார். மேளத்தோடு அதைப் பந்தலுக்குள் உருட்டிக்கொண்டு வந்தார்கள். டிரம்முக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாலையும் போட்டிருந்தது.

"ஏரோப்ளேன் பெட்ரோல் டிரம்மு, மாப்ள. உங்களுக்குன்னே தேடிப் பிடிச்சுக் கொண்டாந்தேன். காலி டிரம்முதான், பயப்படாதீக. பந்திக்கு வெந்நீர் இதுலதான் கொதிக்கப் போகுது."

பந்தல் முழுக்கச் சிரித்தது. அவ்வளவு பிரியமாகச் சொன்னார் அந்த மனிதர். டிரம்மை அடுப்படிக்கு உருட்டிப் போனார்கள். அண்ணன் கண்ணைத் திறந்தார். அதற்குப் பிறகு மூடவேயில்லை.

தட்டிக்கு அப்பால் பேசுவதெல்லாம் எங்களுக்குக் கேட்டது. டிரம்மின் மேல்தட்டில் இருந்த சின்னத் திருகு மூடி துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. மூடியைத் திறந்து கழுவின பிறகுதான் ஊர்க் கொல்லரைக் கூப்பிட்டு மேல்தட்டை வெட்ட வேண்டும் என்றார் தாய்மாமன். ஆளாளுக்குத் திருகிப் பார்த்தார்கள். கூஜா மூடி இறுகினால் அனலில் காட்டுவோமே, அதுபோலக் காட்டினால் கழன்றுவிடும் என்று ஒரு பெண்பிள்ளை யோசனை சொன்னாள். அது எல்லா வீட்டிலும் செய்கிற காரியம்தான். கோட்டடுப்புதான் எரிகிறதே, ஓரமாகத் தள்ளுங்கள் என்றார் தாய்மாமன். டிரம் உருளும் சத்தம் கேட்டது.

அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் கை ஈரமாக, கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. நான் தாகம் என்று நினைத்துத் தண்ணீர்ச் செம்பை நீட்டினேன். அவர் தலையை ஆட்டினார். மாமனாரைப் பார்த்தார், தட்டியைப் பார்த்தார், வாயைத் திறந்தார். மாமனாரின் புருவம் உயர்ந்தது. ஒரு வார்த்தை சொன்னால் இந்தப் பெண் எழுந்து போய்விடுவாள். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது அந்தப் பந்தலிலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

அங்கம்மா கல்யாணப் பெண்ணுக்குரிய முறைப்படி தலை குனிந்திருந்தாள். குனிந்த கண்ணுக்கு அந்த நடுங்கும் கைதான் தெரிந்திருக்க வேண்டும். மெல்ல நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"டிரம்மா?" என்று கேட்டாள்.

அவர் தலையாட்டினார்.

"காலின்னா ஆவி அடைச்சிருக்கும்."

வேகமாகத் தலையாட்டினார்.

அவ்வளவுதான். அவள் எழுந்து நின்றுவிட்டாள். மேளத்தையும் மீறி அவள் குரல் கேட்டது. "மாமா, டிரம்மை அடுப்பைவிட்டு உருட்டுங்க. அடுப்பை அணைங்க. பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு எல்லாரும் வெளிய போங்க."

மேளம் நின்றது. எல்லோரும் திகைத்து நிற்க, மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை எழுந்து, தட்டியைப் பிய்த்துக்கொண்டு ஓடினார். போகிற வழியில் வாளியை எடுத்துக்கொண்டார். அடுப்பில் மணலைக் கொட்டிவிட்டு டிரம்மைத் தள்ளினார். நானும் கை கொடுத்தேன். ஒரு பக்கம் கை வைக்க முடியாத சூடு. தோட்டத்தைத் தாண்டி வாய்க்கால்வரை உருட்டிக்கொண்டு போய்த் தண்ணீரில் இறக்கினோம். மஞ்சளும் குங்குமமும் தண்ணீரில் கரைந்து போயின. அத்தனைக்கும் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

பந்தல் மொத்தமும் வாய்க்கால்கரைக்கு வந்துவிட்டது. தாய்மாமனுக்கு அழுகையே வந்துவிட்டது. சீராகக் கொண்டுவந்ததைத் தண்ணீரில் தள்ளிவிட்டாரே என்றார். மாமனார் முகம் கறுத்துவிட்டது. வாக்கு போச்சு, எழுந்துவிட்ட பெண் எழுந்ததாகவே இருக்கட்டும், வீட்டுக்கு நட என்று மகளின் கையைப் பிடித்தார்.

அங்கம்மா நகரவில்லை. "வாக்குக் குடுத்தது அவுக. அவுக இன்னும் வாயைத் தெறக்கலப்பா. நான் பேச மாட்டேன்னு யாரும் எங்கிட்ட வாக்குக் கேக்கலையே."

மாமனார் மாப்பிள்ளையைப் பார்த்தார். அவர் முழங்கால் தண்ணீரில், உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றிருந்தார். எல்லாம் சரி, அப்படி அந்தக் காலி டிரம்முக்குள் என்னதான் இருக்கிறது, திறந்து காட்டுங்கள் என்றார் தாய்மாமன். வாயில் பீடி புகைந்துகொண்டிருந்தது. அங்கம்மா அந்தப் பீடியை எடுத்து வாய்க்காலில் போட்டாள். நான் பஸ்ஸிலிருந்து பெரிய ஸ்பானரைக் கொண்டுவந்தேன். அண்ணன் அதில் ஈரத்துணியைச் சுற்றி என்னிடம் கொடுத்து, திருகச் சொல்லிச் சைகை காட்டினார். மூன்று பேர் சேர்ந்து திருகியதும் மூடி அசைந்தது.

உஸ் என்று ஒரு பெருமூச்சு வந்தது. வாடை பின்னாலேயே வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு கூட்டம் தன்னாலே பின்வாங்கிப் போயிற்று. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அதே டிரம் எங்கே இருந்தது, பக்கத்தில் யார் யார் நின்றார்கள், யாருடைய பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள் என்று ஒவ்வொருவரும் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. தாய்மாமன் தன் சின்ன மகளைத் தேடிப் பிடித்து இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டார். அந்தப் பிள்ளைதான் அடுப்படியில் டிரம்மைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

ஓமம் தணிந்து போயிருந்தாலும், அவசர அவசரமாக முகூர்த்தம் தப்பாமல் தாலி கட்டினார்கள். கட்டி முடித்ததும் பந்தலே மணல்வாளி அண்ணனைப் பார்த்தது. இனிமேல் பேசலாம். காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் அணை உடைந்து வரப்போகிறது என்று நாங்கள் எல்லோரும் தயாராக இருந்தோம். எனக்கு ஒரு மணி நேரப் பிரசங்கத்தைக் கேட்க ஆசையாகக்கூட இருந்தது.

அப்போது மாமனார் அவர் எதிரே வந்து நின்றார். மேல்துண்டு தோளிலிருந்து இறங்கிக் கையில் இருந்தது.

"மாப்ள, பந்திக்குச் சோறு இன்னும் வேகல. அடுப்பை எங்கன மூட்டச் சொல்லட்டும்? நீங்க எடத்தைக் காட்டுங்க."

யாரும் கேட்காமலே ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த மனிதரை முதன்முதலாக ஒருவர், என்ன செய்யட்டும் என்று கேட்கிறார். மணல்வாளி அண்ணன் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கையை மட்டும் மெல்லத் தூக்கி, காற்று எதிர்ப்பக்கம் வீசும் வேலியோரத்து வெட்டவெளியைக் காட்டினார். காட்டின கை அப்படியே நின்றது. அங்கம்மா அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. புகை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், ஊரிலேயே ஒரு அடுப்பு அப்போது எரியவில்லை.